பி.எஸ்சி. கணித லேபுக்கு எந்த மென்பொருள்?

பெங்களூருக் கல்லூரி லேபில் 4 ஜிபி ராம் கொண்ட பழைய விண்டோஸ் கணினிகள், உரிமம் வாங்கப் பணமில்லை, எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பல்கலைக்கழகச் செய்முறைத் தாளைப் பாருங்கள். அதில் பெயர் குறித்திருந்தால் வேறு பேச்சே இல்லை.

தேர்வு உங்கள் கையில் என்றால், நுண்கணிதத்துக்கு மாக்சிமா, குறியீடுகளாகவே கணக்கிடும் இலவச மென்பொருள். 1/3-ஐயும் 1/6-ஐயும் கூட்டினால் 1/2 என்றே தரும், எண்களாகக் கணக்கிடும் இன்னொரு இலவச மென்பொருளான சைலேப் 0.5 என்று காட்டும். எண்ணியல் முறைகளுக்கும் அணிகளுக்கும் சைலேப் போதும். ஐஐடி பம்பாயின் காணொலிப் பாடத் திட்டமான ஸ்போக்கன் டுடோரியலில் அதற்குத் தமிழ்ப் பாடங்களும் உண்டு. சேஜ்மேத் என்ற இன்னொரு கணித மென்பொருள் வேண்டாம்: பல ஜிபி இடம் பிடிக்கும், விண்டோஸில் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வேறு தேவை.

மாக்சிமாவில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவைதான். மாக்சிமாவுக்கான சாளர முகப்பான டபிள்யூஎக்ஸ்மாக்சிமாவில் வெறும் என்டர் அடுத்த வரிக்குத்தான் போகும். விடை வர ஷிப்டும் சேர்த்து அழுத்த வேண்டும். மதிப்பைச் சேமிக்க முக்காற்புள்ளி (:). சமக்குறி போட்டால் அது வெறும் சமன்பாடு, எதுவும் சேமிக்கப்படாது, பிழைச் செய்தியும் வராது. எக்ஸின் அடுக்கு என் (xⁿ) என்பதைத் தொகையிடச் சொன்னால், என் = -1 தானா என்று திருப்பிக் கேட்கும். நியாயமான கேள்விதான்! ஆனால் கணினி உறைந்துவிட்டதென்று மூடிவிடுவார்கள். என் -1 அல்ல என்று முன்பே அஸ்யூம் (assume) கட்டளையால் சொல்லிவைத்தால் கேட்காது.