3 லட்சம் கட்டினால் மகன் நடிகன் ஆகிவிடுவானா?

அம்மா, வணக்கம்.

கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருந்ததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனை நடிகனாக்குகிறோம் என்று சொல்லி ஒரு ஏஜென்சி கேட்கிற அந்த 3 லட்சத்தைக் கட்ட வேண்டாம். நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். ஆறு மாதப் பயிற்சி, போட்டோ ஆல்பம், முடித்ததும் ‘பெரிய கம்பெனி படத்தில் உறுதியான வாய்ப்பு’ என்று மூன்றையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு. மூன்றாவதை விற்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஒரு படத்தில் யார் நடிப்பது என்பதை இயக்குநரும் தயாரிப்பாளரும் முடிவு செய்கிறார்கள். அதுவும் படப்பிடிப்புக்கு முந்தின வாரம் வரைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து வரப்போகும் படத்தில் இடம் இருக்கிறது என்று இன்றைக்கே எழுதிக் கொடுப்பவர், தன்னிடம் இல்லாத சரக்குக்குப் பணம் கேட்கிறார்.

நடிப்பைக் கற்றுக்கொள்ளப் பணம் கொடுக்கலாம். நடிப்பதற்குப் பணம் கொடுக்கக் கூடாது. லுக் டெஸ்ட் கட்டணம், காஸ்ட்யூமுக்கு முன்பணம், ஆர்ட்டிஸ்ட் கார்டு, கோ-ஆர்டினேஷன் சார்ஜ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை இல்லை, வசூல். நடிக்க வருகிறவனுக்கு அவர்கள்தான் பேட்டா (தினப்படி) கொடுக்க வேண்டும். பிரபல இயக்குநரின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்களை நம்பி ஏமாந்த பிள்ளைகள் ஏராளம். தயாரிப்பு நிறுவனங்களே “நடிகர் தேர்வுக்கு நாங்கள் யாரையும் நியமிக்கவில்லை” என்று அவ்வப்போது அறிக்கை விட வேண்டியிருக்கிறது. தம்பி ஏற்கனவே ஏதாவது ‘டோக்கன் அட்வான்ஸ்’ அனுப்பியிருந்தால் அவனைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் திரும்ப வாய்ப்பு உண்டு.

சரி, மகனின் ஆசையை என்ன செய்வது?

“இவன் ஜெயிப்பானா?” என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவர் மேல் கொஞ்சம் சந்தேகம் வைப்பது நல்லது. நான் வேறொன்று கேட்பேன்: ஷூட்டிங் இல்லாத நாளில் தம்பி எப்படிச் சாப்பிடுவான்? புதிதாக வருகிற நடிகனுக்கு மாதத்தில் நாலு நாள் வேலை கிடைத்தாலே அது நல்ல மாதம். மிச்ச நாட்களை யார் தாங்குகிறார்கள் என்பதில்தான் இந்தத் தொழிலில் ஒருவன் நிற்பதும் ஊருக்குத் திரும்புவதும் இருக்கிறது. திறமை இல்லாமல் திரும்பியவர்களைவிட வாடகை கட்ட முடியாமல் திரும்பியவர்கள்தான் அதிகம் என்பது இத்தனை வருடம் பிள்ளைகளோடு பேசிய அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது.

ஒரு கணக்குப் போடுவோம். சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் மூன்று நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்தால், வாடகை, சாப்பாடு, பெட்ரோல், போன் எல்லாம் சேர்த்து மாதம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,44,000. இரண்டு வருடத்துக்கு 2,88,000. அதாவது அந்த ஏஜென்சி கேட்கிற தொகை, உங்கள் மகன் சென்னையில் இரண்டு வருடம் பசியில்லாமல் வாய்ப்புத் தேடுவதற்கான முழுச் செலவு. அதை ஆறு மாதத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டால், ஏழாவது மாதம் கையில் ஒரு ஆல்பம்தான் இருக்கும்.

அதற்காக 3 லட்சத்தை அவன் கையில் கொடுத்து அனுப்பச் சொல்லவில்லை. பாதியைக்கூட நீங்கள் போட வேண்டியதில்லை. அவன் ஒரு வேலை பார்க்கட்டும். எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு நகர முடியாத வேலை சரிப்படாது. ஆடிஷனுக்கு “நாளைக்குக் காலையில் வா” என்றுதான் கூப்பிடுவார்கள். நேரத்தை நகர்த்திக்கொள்ள முடிகிற வேலையாக வேண்டும். நைட் ஷிப்ட், மாலை டியூஷன், உணவு டெலிவரி, நிகழ்ச்சித் தொகுப்பு, ஜிம்மில் பயிற்சியாளர் வேலை, பள்ளிகளில் குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சி என்று நிறைய இருக்கிறது. தம்பி படிப்பது பி.காம் என்கிறீர்கள். இரண்டு மூன்று சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதினாலே ரூம் வாடகை வந்துவிடும்.

உங்களிடம் வாதாடும்போது அவன் விஜய் சேதுபதி பெயரைக் கட்டாயம் இழுத்திருப்பான். இந்த விஷயத்தில் அவர் பெயரை நானும் இழுப்பேன். அவரும் பி.காம் படித்தவர். துபாயில் கணக்காளராக வேலை பார்த்தார். திரும்பி வந்து கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் சேர்ந்ததும் கணக்கு எழுதத்தான். அங்கே நடிகர்கள் பயிற்சி செய்வதைக் கிட்டே இருந்து பார்த்தார். அப்புறம் சின்னச் சின்ன வேடங்கள், டிவி சீரியல், குறும்படங்கள். கதாநாயகனாக முதல் படம் வெளிவந்தது 2010-இல், அப்போது அவருக்கு 32 வயது. பிள்ளைகள் அந்த 2010-க்குப் பிறகு நடந்ததை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முந்தின வருடங்களைக் கணக்கு வேலைதான் ஓட்டிக் கொடுத்தது. இதை நீங்கள் சொன்னால் ‘அட்வைஸ்’ என்பான். கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் நடிகனாக விரும்புகிறவனுக்கு என் முதல் சிபாரிசு நாடகம்தான், அதிலும் நவீன நாடகக் குழுக்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நாடகக் குழுவில் உடம்பு வணங்கும், குரல் திறக்கும். அதைவிட முக்கியம், ஒரே காட்சியை நாற்பது தடவை ஒத்திகை பார்க்கும் பொறுமை வந்துவிடும். இதற்கு உடனே சென்னைக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் ஊர் சாத்தூரிலிருந்து கோவில்பட்டி எவ்வளவு தூரம்? அங்கிருந்துதான் ச. முருகபூபதி மணல்மகுடி நாடகக் குழுவை நடத்துகிறார். தம்பி விடுமுறையில் போய் ஒத்திகையில் உட்கார்ந்து பார்க்கட்டும், கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தாலும் செய்யட்டும். மூன்று வாரத்தில் அவனுக்குப் பிடித்திருப்பது நடிப்பா, நடிகனாகத் தெரிவதா என்று அவனுக்கே புரிந்துவிடும்.

முறையாகப் படிக்க வேண்டும் என்றால் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன.  டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் பட்டயப் படிப்பு. உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் பட்டம் முடித்திருக்க வேண்டும், வயது 18-லிருந்து 30-க்குள் இருக்க வேண்டும், குறைந்தது 6 நாடகங்களிலாவது பங்கேற்ற அனுபவம் வேண்டும். கோவில்பட்டிக்குப் போகச் சொன்னதில் இந்தக் கணக்கும் உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் திரை நடிப்புக்கென்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. தமிழிலேயே சூழல் வேண்டும் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையைப் பாருங்கள். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு போன்றவைதான் பட்டப்படிப்புகள். நடிகனாக வேண்டும் என்று அங்கே விண்ணப்பம் வாங்குவதில் பயன் இல்லை.

ஆனால் தரமணி வேறு விதத்தில் உதவும். அங்கே படிக்கிற மாணவர்கள், சாலிகிராமம் எல்.வி. பிரசாத் அகாடமி மாணவர்கள், லயோலா மாதிரிக் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகள் எல்லாரும் வருடா வருடம் குறும்படம் எடுத்தாக வேண்டும். அவர்களுக்கு நடிகர்கள் தேவை, கையில் பணம் கிடையாது. உங்கள் மகனுக்குக் கேமரா முன்னால் நிற்கும் பழக்கம் தேவை, பெயர் கிடையாது. இரண்டு பேருக்கும் சரியாகப் போயிற்று. இன்றைக்கு மாணவனாக இருக்கிறவன் நாளைக்கு உதவி இயக்குநராகப் போவான். தமிழ் சினிமாவில் நடிகர் தேர்வுக்கென்று தனி ஆள் வைப்பது இப்போதுதான் பரவுகிறது. பல படங்களில் இன்னமும் கோ-டைரக்டரும் உதவி இயக்குநர்களும்தான் முகங்களைத் தேடி இயக்குநர் முன்னால் வைக்கிறார்கள். 2009 வாக்கில் டிவியில் வந்த குறும்படப் போட்டியில் கலந்துகொண்ட கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் பெரிய இயக்குநர்கள் ஆனபோது, அவர்களின் குறும்படக் காலத்து நண்பர்களும் கூடவே வந்தார்கள். சினிமாவில் ‘சிபாரிசு’ என்று நாம் கரித்துக்கொட்டுவதில் பாதி இப்படிப்பட்ட பழைய பழக்கம்தான்.

ஆல்பத்துக்கு நாற்பதாயிரம் செலவு செய்ய வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், பில்டர் போடாமல் ஐந்து படம் போதும்: நேர் முகம், இரண்டு பக்கவாட்டு, முழு உருவம், சிரிக்கிற மாதிரி ஒன்று. தாடி வைத்தால் புதிதாக எடுக்க வேண்டும். ஒரு நிமிட அறிமுக வீடியோ ஒன்று: பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், சிலம்பமோ நீச்சலோ பைக்கோ தெரிந்தால் அது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது. குதிரை ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிட்டு ஷூட்டிங் அன்றைக்குக் குதிரையைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு. ஊர்ப் பேச்சையும் மாற்ற வேண்டாம். சாத்தூர்ப் பேச்சு இயல்பாக வருகிறவனைத் தேடிப் படம் எடுக்கிற காலம் இது. அதோடு சென்னைப் பேச்சு, கொங்குப் பேச்சு என்று இன்னும் இரண்டு பழகிக்கொள்ளட்டும்.

ஆடிஷன் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பிள்ளைகள் எல்லாரும் நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அங்கே நடப்பது வேறு. எங்கேயாவது ஒரு வாடகை பிளாட்டில் ஆபீஸ் போட்டிருப்பார்கள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், இருபது பேர் காத்திருப்பார்கள். உள்ளே ஒரு கேமராவும் இரண்டு உதவி இயக்குநர்களும். “நீ சாப்பிட்டுக்கிட்டு இருக்க. உன்னைக் கேட்காம அண்ணன் வீட்டை வித்துட்டாருன்னு அம்மா சொல்றாங்க. பண்ணு” என்பார்கள், அவ்வளவுதான். உடனே எழுந்து கத்துகிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர். அந்தத் தட்டை என்ன செய்கிறான், வாயில் இருக்கிற சோற்றை முழுங்குகிறானா, அம்மாவைப் பார்க்கிறானா தட்டைப் பார்க்கிறானா என்பதைத்தான் உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்கிறார்கள். நன்றாகச் செய்தாலும் “சரி, இதையே கோபமே இல்லாம பண்ணு” என்பார்கள். முதலில் செய்தது பிடிக்கவில்லை என்று நினைத்துப் பல பேர் முகம் வாடிவிடுவார்கள். சொன்னால் மாற்றிக்கொள்கிற ஆளா என்று பார்ப்பதற்குத்தான் அந்த இரண்டாவது தடவை. அதை வீட்டிலேயே பழகலாம், எதிரில் உட்கார்ந்து வசனம் சொல்ல நீங்களே போதும்.

சீரியல் வேண்டாம், சினிமாதான் என்று தம்பி சொல்கிறானாம். அந்த வீம்பு வேண்டாம். சீரியலில் நாள் கணக்கில் சம்பளம், தொடர்ந்து வேலை. உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று ப்ராம்ப்ட் கொடுக்க, அதாவது வசனத்தை எடுத்துச் சொல்ல, கேட்டபடியே முகம் மாறாமல் பேசுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அது வீண் போகாது. பணம் மட்டும் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு செலவு செய்ய வேண்டும். சம்பளத்தில் பிடிக்கிற 10 சதவீத டிடிஎஸ்ஸை (கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி), வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புது நடிகர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. பி.காம் பையன் விட மாட்டான் என்று நம்புகிறேன்.

உங்கள் தங்கை மகளுக்கும் இந்த ஆசை இருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மேலே சொன்னதெல்லாம் அவளுக்கும் பொருந்தும். கூடவே இது: ஆடிஷன் பகலில், ஆபீஸில்தான். ஹோட்டல் ரூம், இரவு நேரம், ‘தனியாக வா’ என்றால் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். யாரையாவது கூட்டிப் போனால் கோபப்படுகிற கம்பெனி தேவையில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். பெண்களுக்கான உதவி எண் 181. கேரளத்தில் மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா குழுவின் அறிக்கை 2024-இல் வெளியான பிறகு இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் கவனம் வேண்டும்.

எத்தனை வருடம் விட்டுப் பார்ப்பது என்பதற்கு நான் மூன்று வருடம் என்பேன். ஆனால் “சான்ஸ் வந்ததா?” என்று மாதா மாதம் போனில் கேட்காதீர்கள், பொய் சொல்லப் பழகிவிடுவான். ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: ஒரு தடவை வேலை செய்தவர்கள் மறுபடியும் கூப்பிடுகிறார்களா? குறும்படமோ நாடகமோ இரண்டு நாள் சீரியலோ எதுவானாலும் சரி. மூன்று வருடத்தில் யாருமே இரண்டாவது தடவை கூப்பிடவில்லை என்றால், அப்போது உட்கார்ந்து பேசலாம். இருபத்து நாலு வயதில் வேறு வேலைக்குப் போவதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

அதற்கு முன்னால், பி.காமில் அவன் பாக்கி வைத்திருக்கிற அந்த இரண்டு அரியர். நவம்பர் தேர்வில் எழுதி முடிக்கட்டும். டெல்லிக்கு விண்ணப்பிக்கவும் பட்டம் வேண்டும், கணக்கு எழுதும் வேலைக்கும் பட்டம் வேண்டும். ரிசல்ட் வந்ததும் அவனை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், ரூம் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவனோடு பேசுகிறேன்.