அப்ரூவர் வாக்குமூலம் மட்டும் போதுமா? குற்றவியல் வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: சார், கூட்டாகக் கொலை செய்தவனே அப்ரூவராகி, அதாவது மன்னிப்பு வாங்கி அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, மற்றவர்களைக் கைகாட்டுகிறான். அவன் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்கலாமா?

பதில்: 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, அப்படித் தண்டித்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. அதே சட்டத்தின் 114-ஆம் பிரிவோ, முக்கிய விவரங்களில் துணைச் சான்று (அந்தச் சொல்லை உறுதிப்படுத்தும் வேறு ஆதாரம்) இல்லாவிட்டால் உடந்தையாளனை நம்பத் தகாதவன் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது. ஒன்று கதவைத் திறந்துவிட, மற்றது தாழ்ப்பாள் போட்டது. நடைமுறையில் ஜெயித்தது தாழ்ப்பாள்தான்.

கேள்வி (சட்ட மாணவி): புதுச் சட்டத்தில் இது மாறிவிட்டதாமே சார்?

பதில்: ஆமாம்மா. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில், பழைய 133-க்குப் பதிலாக வந்த 138-ஆம் பிரிவைப் பாருங்கள். "துணைச் சான்று இல்லாத" என்றிருந்த இடத்தில் "துணைச் சான்று உள்ள" என்று வந்திருக்கிறது. அப்படியானால் துணைச் சான்று இல்லாத தண்டனை இனி செல்லவே செல்லாதா? இரு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. நான் "செல்லாது" பக்கம்.

கேள்வி: கூடவே இருந்தவனுக்குத்தானே எல்லாம் தெரியும்? அவனை ஏன் இவ்வளவு சந்தேகப்பட வேண்டும்?

பதில்: எல்லாம் தெரிந்திருப்பதுதான் சிக்கலே. 1949-இல் புபோனி சாகு வழக்கில், அப்போது இந்திய வழக்குகளுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதைத்தான் எச்சரித்தது: உண்மைக் கதைக்குள் ஒரு பொய்யைச் செருகுவது அவனுக்குச் சுலபம். எந்த வண்டி, எத்தனை மணி, பிணத்தை எங்கே புதைத்தார்கள், எல்லாம் நிஜமாக இருக்கும். தன் தம்பி இருந்த இடத்தில் மட்டும் பகையாளியின் பெயரைச் சொல்லிவிடுவான். குறுக்கு விசாரணையில் மணிக்கணக்கில் குடைந்தாலும் தடுமாற மாட்டான். அதனால் துணைச் சான்று குற்றம் நடந்ததைக் காட்டினால் மட்டும் போதாது, குற்றம் சாட்டப்பட்ட அந்தக் குறிப்பிட்ட நபரைக் குற்றத்தோடு பிணைக்க வேண்டும். புதைத்த இடத்தை அப்ரூவர் காட்டினால், அவன் அங்கே இருந்தான் என்றுதான் ஆகும். நீங்கள் இருந்தீர்கள் என்று ஆகாது.

கேள்வி: இரண்டு உடந்தையாளர்கள் ஒரே மாதிரி சொன்னால்?

பதில்: பொதுவாக ஏற்க மாட்டார்கள். கறை படிந்த சாட்சிக்கு இன்னொரு கறை படிந்த சாட்சி துணையாகாது.

கேள்வி: நிஜ வழக்கு ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: செங்கோட்டையில் நடந்த காந்தி கொலை வழக்கு. அப்ரூவர் திகம்பர் பட்கேவை நீதிபதி ஆத்மா சரண் பொய்யன் என்று ஒதுக்கவில்லை, உண்மை பேசும் சாட்சி என்றே கருதினார். ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான சாவர்க்கரைச் சதியோடு பிணைக்க பட்கேவின் சொல்லைத் தாண்டி ஒன்றும் இல்லை. 1949 பிப்ரவரி 10-ஆம் தேதி சாவர்க்கர் விடுதலையானார். சாட்சி நம்பத்தக்கவராக இருந்தும் துணைச் சான்று கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அப்ரூவர் ஆனவுடன் வீட்டுக்குப் போய்விடலாமா அண்ணா?

பதில்: நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், தம்பி. ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால், விசாரணை முடியும்வரை அவரும் உள்ளேதான். முழு உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டு வாங்கிய மன்னிப்பு அது. வேண்டுமென்றே மறைத்தாலோ பொய் சொன்னாலோ, அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், பழைய குற்றத்துக்கே அவர்மீது விசாரணை நடக்கும்.