அமெரிக்காவின் மெலஞ்சன்கள் யார்? அவர்கள் உண்மையிலேயே போர்த்துகீசிய மாலுமிகளின் வழிவந்தவர்களா?

கேள்வி கேட்டவர், அப்பலாச்சிய மலைப்பகுதியில் வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்த 'மர்ம இனம்' ஒன்றைப் பற்றிக் காணொளியில் பார்த்ததாகவும், அவர்களைப் போர்த்துகீசியர், துருக்கியர், பினீசியர் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வதில் எது சரி என்றும் கேட்டிருக்கிறார். சுருக்கமான பதில்: மூன்றுமே சரியல்ல. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் ஆப்பிரிக்க ஆண்களுக்கும் ஐரோப்பியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழித்தோன்றல்கள்தாம் இவர்களில் பெரும்பாலோர். ஆங்காங்கே பூர்வகுடி ரத்தமும் கலந்திருக்கிறது. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால், இத்தனை கதைகள் ஏன் பிறந்தன என்ற முக்கியமான கேள்வி விடுபட்டுப்போகும். கிழக்கு டென்னசியில் சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையிலும், குடும்ப வரலாற்று ஆவணங்களைப் படிப்பதில் ஆர்வமுள்ளவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இவர்களது தாயகமாகக் கருதப்படுவது டென்னசி மாநிலத்தின் ஹான்காக் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). ஸ்னீட்வில் என்ற சிற்றூருக்கு வடக்கே நியூமன்ஸ் ரிட்ஜ் என்ற நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. அதைத் தாண்டி இறங்கினால் வார்டி பள்ளத்தாக்கு. அங்கிருந்து வர்ஜீனியா எல்லை மிக அருகில். காலின்ஸ், கிப்சன், கோயின்ஸ், மல்லின்ஸ், பஞ்ச் ஆகியவை இவர்களிடையே திரும்பத் திரும்ப வரும் குடும்பப் பெயர்கள். 'வெளியுலகத் தொடர்பின்றி' என்பது பாதி உண்மைதான். இவர்கள் திடீரென்று மலையுச்சியில் கண்டெடுக்கப்பட்டவர்கள் அல்லர். நிலம் வாங்கினார்கள், வரி கட்டினார்கள், தேவாலயத்தில் உறுப்பினராக இருந்தார்கள், வாக்களித்தார்கள். இவை அத்தனைக்கும் எழுத்துச் சான்று உண்டு.

அந்தச் சான்றுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் வர்ஜீனியாவின் கடலோரத்துக்குப் போய்ச் சேர்கிறோம். 1662-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குழந்தை அடிமையா சுதந்திரப் பிறவியா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று விதித்தது. அடிமைப் பெண்களுக்குத் தங்களால் பிறக்கும் பிள்ளைகளும் சொத்தாகவே இருக்க வேண்டும் என்று எசமானர்கள் நினைத்ததன் விளைவு அது. ஆனால் அதே விதியின்படி, ஒப்பந்தப் பணியாளாக வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் ஆப்பிரிக்க ஆணுக்கும் பிறந்த குழந்தை அடிமையாகாது. இதைப் பொறுக்க மாட்டாமல்தான் 1691-இல் இன்னொரு சட்டம் வந்தது; அத்தகைய தாய்க்கு அபராதமும், பிள்ளைக்கு முப்பது வயது வரை கட்டாய ஊழியமும் விதிக்கப்பட்டன. முப்பது வயதுவரை உழைத்துவிட்டு வெளியே வந்த பிள்ளைகளோ முழுச் சுதந்திரம் உள்ளவர்கள். அடிமை முறை இறுகிக்கொண்டே போன ஒரு சமூகத்தில் இப்படிச் சில நூறு குடும்பங்கள் சட்டத்தின் இடுக்கு வழியே சுதந்திரமாக இருந்தன.

பஞ்ச் குடும்பத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1640-இல் வர்ஜீனியாவில் மூன்று பணியாளர்கள் தப்பியோடிப் பிடிபட்டார்கள். இருவர் ஐரோப்பியர், அவர்களுக்குப் பணிக்காலம் சில ஆண்டுகள் கூட்டப்பட்டது. மூன்றாமவரான ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கருக்கு மட்டும் ஆயுள் முழுவதும் ஊழியம் என்று தீர்ப்பாயிற்று. அவருடைய வழிவந்தவர்களாகக் கருதப்படும் பஞ்ச் குடும்பத்தார் சுதந்திரமான நிலவுடைமையாளர்களாக இருந்தார்கள். அதன் ஒரு கிளை மெலஞ்சன்களோடு சேர்ந்தது, இன்னொரு கிளை வெள்ளையரோடு கலந்துபோனது. இரண்டாவது கிளை வழியாக பராக் ஒபாமாவின் தாயார் ஜான் பஞ்சின் வாரிசாக இருக்கக்கூடும் என்று 2012-இல் மரபுவழி ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கென்யத் தந்தையின் மகன் என்று உலகம் அறிந்தவருக்கு ஆப்பிரிக்க முன்னோர் வெள்ளைக்காரத் தாயின் வழியிலும் இருந்தார் என்பது அமெரிக்க நிறக்கோட்டின் லட்சணத்தைக் காட்டப் போதுமானது.

1745-இல் வர்ஜீனியாவின் லூயிசா கவுண்டி நீதிமன்றத்தில் காலின்ஸ், கிப்சன், பஞ்ச் குடும்பத்து ஆண்கள் சிலர் வரிக்குரியவர்களை மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். வெள்ளையரல்லாத சுதந்திரக் குடும்பங்களில் மனைவிமாருக்கும் தலைவரி உண்டு. வெள்ளைக்காரரின் மனைவிக்குக் கிடையாது. ஆக, அப்போதே இது நிறத்தைப் பற்றிய சர்ச்சைதான். பிறகு இதே குடும்பங்கள் வட கரோலினாவின் பிளாட் ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து நியூ ஆற்றுப் பகுதிக்கும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிளிஞ்ச் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் நகர்வதைப் பத்திரங்களிலும் வரிப்பட்டியல்களிலும் பார்க்கலாம். மலையேறியது ஒளிந்துகொள்வதற்காக மட்டுமன்று. மலிவான நிலத்தைத் தேடி மேற்கே போன எல்லாரும் போன பாதைதான் அது.

'மெலஞ்சன்' என்ற பெயர் முதன்முதலில் எழுத்தில் கிடைப்பது 1813-இல், வர்ஜீனியாவின் ஸ்டோனி கிரீக் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் குறிப்பேட்டில். சபையைச் சேர்ந்த ஒரு பெண், தான் 'அந்த மெலஞ்சன்களுக்கு' வீட்டில் இடம் கொடுப்பதாக இன்னொருத்தி பேசித் திரிகிறாள் என்று சபையில் முறையிடுகிறார். சொன்னது அவதூறு என்பது முறையீட்டிலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் வரையிலும் இப்பெயர் அங்கே வசைச்சொல்லாகவே இருந்தது; யாரும் தம்மை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை.

இனி போர்த்துகீசியக் கதைக்கு வருவோம். 1796-ஆம் ஆண்டு டென்னசி அரசியல் சட்டத்தின்படி அடிமையல்லாத ஆண்கள் நிற வேறுபாடின்றி வாக்களிக்கலாம். 1834-இல் எழுதப்பட்ட புதிய அரசியல் சட்டம் வாக்குரிமையை வெள்ளையருக்கென்று சுருக்கியது. நியூமன்ஸ் ரிட்ஜில் குடியேறிய மூத்தவர்களில் ஒருவரான வார்டி காலின்ஸ் உள்ளிட்ட சிலர் மீது, 1845 தேர்தலில் சட்டவிரோதமாக வாக்களித்ததாக அடுத்த ஆண்டு ஹாக்கின்ஸ் கவுண்டியில் வழக்கு தொடரப்பட்டது. 1848 வாக்கில் நடுவர் குழுவின் முன் நின்றவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். 'கறுப்பினத்தவர்' என்ற ஒரு முத்திரை விழுந்தால் வாக்குரிமை போகும், வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் உரிமை போகும், திருமணமே செல்லாமல் போகும். அந்த நிலையில், கறுத்த தோலுக்கு ஒரு ஐரோப்பியக் காரணம் தேவைப்பட்டது. 'நாங்கள் போர்த்துகீசியர்' என்பது அந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பொய் என்று எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அது வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதவர்களின் வாதம்.

வக்கீல் கிடைத்தபோது வாதம் இன்னும் பெரிதானது. 1870-களில் சட்டனூகாவில் ஒரு சொத்து வழக்கு நடந்தது. மார்த்தா சிம்மர்மன் என்ற இளம்பெண்ணின் தாய் கறுப்பின ரத்தம் உள்ளவர், ஆகவே பெற்றோரின் திருமணமே செல்லாது, ஆகவே மகளுக்குச் சொத்தில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். தாய்வழித் தாத்தாவின் தோல் என்ன நிறம், தலைமுடி நேரா சுருளா, அவர் வாக்களித்ததுண்டா என்றெல்லாம் சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். பெண்ணுக்காக வாதாடிய லூயிஸ் ஷெப்பர்ட், அவர்கள் பினீசியர் நிறுவிய பழைய கார்தேஜ் நகரத்தாரின் வழிவந்து போர்ச்சுகல் மூலமாக அமெரிக்காவுக்கு வந்தவர்கள் என்று வாதாடி வென்றதாகப் பிற்காலத்தில் எழுதினார். பினீசியர் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு நாட்டின் சட்டம் எத்தனை அபத்தமாக இருந்தால், ஒரு பெண் தன் அப்பா வீட்டுச் சொத்தைப் பெற கார்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபால் காலத்துக்குப் போக வேண்டியிருக்கும்!

அதன்பின் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். 1890-களின் தொடக்கத்தில் நாஷ்வில்லைச் சேர்ந்த வில் ஆலன் டிரம்கூல் என்ற பெண் எழுத்தாளர் மலையில் சில நாள் தங்கி இழிவான தொனியில் கட்டுரைகள் எழுதினார். கள்ளச்சாராயம் விற்ற மஹாலா மல்லின்ஸ் என்ற பருத்த உடல்கொண்ட பெண்மணியைக் கைது செய்யப் போன அதிகாரி, 'பிடிக்கலாம், ஆனால் கொண்டுவர முடியாது' என்று நீதிபதியிடம் கைவிரித்த கதை இன்றும் அங்கே சொல்லப்படுகிறது. அவர் 1898-இல் இறந்தார். மலைமேல் இருந்த அவருடைய மரவீட்டைப் பிரித்து, கீழே வார்டி பள்ளத்தாக்கில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்; அங்கே போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது.

இந்த வரலாற்றின் மிகக் கொடிய பகுதி வர்ஜீனியாவில் நடந்தது. வெள்ளையர் மற்ற இனத்தாரை மணப்பதைத் தடை செய்த 1924-ஆம் ஆண்டின் இனத்தூய்மைச் சட்டத்தை அமல்படுத்தியவர், பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்த வால்டர் பிளெக்கர். 1942-இல் அவர் டென்னசிக்குக் கடிதம் எழுதி மெலஞ்சன்களைப் பற்றி விசாரித்தார். அங்கிருந்த ஆவணக் காப்பாளர் போர்த்துகீசியக் கதையையே பதிலாக அனுப்பினார். பிளெக்கர் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு கவுண்டி வாரியாகக் குடும்பப் பெயர்களைப் பட்டியலிட்டு, இவர்களை வெள்ளையராகப் பதிவு செய்யக் கூடாது என்று அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அதில் லீ, ஸ்மித் கவுண்டிகளின் கீழ் காலின்ஸ், கிப்சன், கோயின்ஸ், பஞ்ச், மல்லின்ஸ் பெயர்கள் இருந்தன. இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு: பழைய வரிப்பட்டியல்களைப் புரட்டிய பிளெக்கர், வம்சாவளி விஷயத்தில் கதை சொன்னவர்களைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தார். பள்ளி, திருமணம், கல்லறை என எல்லாவற்றிலும் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்கவே அந்த உண்மை அவருக்குப் பயன்பட்டது. கலப்பு மணத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 1967-இல்தான்.

1969-இல் ஸ்னீட்வில்லில் இம்மக்களைப் பற்றிய நாடகம் ஒன்று மேடையேறிய பிறகே அந்த வசைச்சொல்லைச் சிலர் பெருமையோடு ஏற்கத் தொடங்கினார்கள். 1994-இல் பிரென்ட் கென்னடி என்பவர், தம்மைத் தாக்கிய சார்காய்டோசிஸ் நோயின் காரணத்தைத் தேடப்போய்த் துருக்கியத் தொடர்பை முன்வைத்துப் புத்தகம் எழுத, வர்ஜீனியாவின் வைஸ் நகரமும் துருக்கியின் செஷ்மே நகரமும் சகோதர நகரங்கள் ஆயின. வர்ஜீனியா டிமார்ஸ் போன்ற வரலாற்றாளர்கள் அந்தப் புத்தகத்தின் சான்றுகளைக் கடுமையாக மறுத்தார்கள். 2012-இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு, மையக் குடும்பங்களின் தந்தைவழி மரபுகளில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க மரபும் ஐரோப்பிய மரபும், தாய்வழியில் ஐரோப்பிய மரபும் இருப்பதைக் காட்டியது. அந்த ஆய்வில் பங்கேற்ற ஜாக் கோயின்ஸே மெலஞ்சன் வழியினர். முடிவு கண்டு பலர் மனம் வருந்தியதாக அவர் சொன்னார். இவ்வகைச் சோதனை நேர் தந்தைவழியையும் நேர் தாய்வழியையும் மட்டுமே காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆறு தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 64 முன்னோர்கள். அவர்களில் இருவரைத்தான் அது தொடும். ஆகவே பூர்வகுடி முன்னோர் அறவே இல்லை என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது.

இணையத்தில் உலவும் 'நீங்கள் மெலஞ்சனா?' பட்டியல்களைப் பொருட்படுத்தாதீர்கள். ஆறாவது விரல், பின்மண்டையில் மேடு என்பவையெல்லாம் உலகெங்கும் காணப்படுபவை. காலின்ஸ், மல்லின்ஸ் என்ற பெயர்களும் எந்தத் தொடர்பும் இல்லாத லட்சக்கணக்கான ஆங்கிலேய, ஐரிஷ் குடும்பங்களுக்கு உண்டு. உண்மையிலேயே தேட விரும்புகிறவர், 1830-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாக்கின்ஸ், கிரெயிஞ்சர் கவுண்டிகளில் 'அடிமையல்லாத நிறத்தவர்' என்ற தலைப்பின் கீழ் தம் முன்னோர் இருக்கிறார்களா என்பதிலிருந்து தொடங்கலாம். ஹான்காக் கவுண்டி 1844-இல்தான் உருவானது என்பதால் அந்தப் பெயரில் தேடினால் அதற்கு முந்தைய பதிவு எதுவும் கிடைக்காது.