பழைய ரோடு சைக்கிளை வாங்கிச் சரிசெய்து ஓட்டலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் ஏற்கெனவே ஒரு வண்டியைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படத்தை நாலு பேரிடம் காட்டியிருப்பீர்கள், அதில் மூன்று பேர் “புதுசே வாங்கிடலாமே” என்றிருப்பார்கள். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் காசை எடுப்பதற்கு முன் சீட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இது ஒன்றைச் செய்யாமல் நான் மூன்று வாரம் பட்ட பாடு இருக்கிறதே.

நான் வாங்கியது இருட்டுகிற நேரத்தில். மெல்லிய எஃகுக் குழாய்கள், கீழ்க்குழாயில் கியர் நெம்புகோல், சீட் குழாயில் ‘ரெனால்ட்ஸ் 531’ என்று ஸ்டிக்கர். 1935-இல் வந்த குழாய் வகை அது. பந்தய வண்டிகளில் பல பத்தாண்டுகள் ஓடியது. ஸ்டிக்கரைப் பார்த்ததும் என் புத்தி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். ஹேண்டில்பாருக்குக் கீழே, மேல்குழாயும் கீழ்க்குழாயும் வந்து சேர்கிற இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எதிலாவது நேராக மோதிய வண்டி என்றால் அங்கேதான் சுருக்கம் விழும்; கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. வழுவழுவென்று இருந்தது. வாங்கிவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் சீட் எனக்கு இரண்டு அங்குலம் தாழ்வு. போல்ட்டைத் தளர்த்தி இழுத்தேன். திருகினேன். வண்டிதான் திரும்பியது. எஃகுச் சீட் குழாய்க்குள் சீட்டைத் தாங்கும் அலுமினியக் கம்பி, நடுவில் வருடக்கணக்கில் இறங்கிய மழைத்தண்ணீரும் வேர்வையும். அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூப்புக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், அதனால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிப்போகிறது. சொருகும்போது கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“சூடு காட்டியிருக்கலாமே” என்று கீழே எழுத வருபவர்களுக்கு: அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், இரண்டும் சேர்ந்து சூடானால் இன்னும்தான் கவ்வும். ஐஸ் வைத்தும் பார்த்தேன். அம்மோனியாவும் ஊற்றினேன் ஐயா, வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. கிராங்கையும் (பெடல் மாட்டுகிற கை) பாட்டம் பிராக்கெட்டையும் (கிராங்க் சுழல்கிற அச்சு) கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கீழிருந்து துரு இளக்கும் எண்ணெயை விட்டுத் தினமும் தட்டினேன். ஒரு மயிரிழை நகரவில்லை.

இந்தக் கழற்றுகிற வேலைக்குத்தான் என் மச்சான் உதவ வந்தார். இடது பெடல் மறைத் திருப்பம் தலைகீழ். ஸ்பேனரை மேல்நோக்கி வைத்துக்கொண்டு பின்சக்கரத்துப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், இதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி, முழு பலத்தையும் போட்டு முன்பக்கமாகத் தள்ளிவிட்டார். “நல்லா டைட்டா இருக்கு மாப்பிள்ளை” என்று வேறு. அவரே டைட் செய்ததுதான். அப்புறம், போகும்போது “ரெண்டு நாள்ல தர்றேன்” என்று விட்டம் அளக்கிற என் காலிப்பரை எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியில் ரம்பம். கம்பியை ஓர் அங்குலம் விட்டு மேலே அறுத்தேன். அப்புறம் வெறும் ரம்பத் தகட்டின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கம்பியின் உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்தேன். அலுமினியத்தை அறுக்கும்போது மெத்தென்று ஒரு சத்தம், வெள்ளையாகத் தூள் விழும். எஃகைத் தொட்டால் சத்தம் கூர்மையாகும், தூள் கறுக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பிரேம் போச்சு. நான்கு மாலை. இரண்டு கோடு போட்டு, நடுவிலிருந்த பட்டையைக் குறட்டால் உள்பக்கம் மடக்கியபோது ‘டப்’பென்று ஒரு சத்தம். மீதிக் கம்பி கையோடு வந்துவிட்டது.

புதுக் கம்பிக்கு அளவு வேண்டுமே? காலிப்பர் மச்சான் வீட்டில். ஆனால் அளவைக் கம்பியிலேயே பொறித்திருப்பார்கள், பெரும்பாலும் பிரேமுக்குள் மறைகிற பாகத்தில். துண்டைத் துடைத்துப் பார்த்தேன். ஓர் இலக்கத்தில் பாதியை என் ரம்பம் தின்றிருந்தது, இருந்தாலும் தெரிந்தது: 27.2, மில்லிமீட்டரில். அதைப் பார்த்து நான் சிரித்ததை வீட்டில் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். இந்த வகைப் பிரேமில் சீட் குழாயின் வெளி விட்டம் 28.6 மி.மீ. அதற்குள் 27.2 நுழைகிறது என்றால் குழாயின் சுவர் அவ்வளவு மெல்லியது. தடிக்குழாய் மலிவு வண்டிகளில் 25.4, 25.8 என்ற மாதிரிதான் வரும். ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது. எஃகுதான் உசத்தி, கார்பன் மட்டம் என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து யாரும் சண்டைக்கு வராதீர்கள். அறுத்த கைக்குக் கொஞ்சம் பெருமை வேண்டாமா?

மற்றதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம். பழைய வண்டியில் 27 அங்குலச் சக்கரம் இருக்கலாம். அதன் ரிம் விட்டம் 630 மி.மீ., இப்போது எளிதாகக் கிடைக்கிற 700சி ரிம் 622. மாற்ற நினைத்தால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்குமா என்று பாருங்கள். செயினில் ஓர் ஆணியிலிருந்து இன்னோர் ஆணி வரை அளந்தால் 12 முழுக் கண்ணி (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தாலே மாற்றிவிடுங்கள், விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். சக்கரத்தில் லேசான கோட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம், எடுத்துவிடலாம். பேரிங் பால்ஸ், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

லாபமா என்று கேட்டால், என் நேரத்துக்குக் கூலி போட்டால் நஷ்டம்தான். வண்டி நன்றாக ஓடுகிறது. மாதம் ஒரு தடவை சீட் கம்பியை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிச் சொருகுகிறேன். இது கொஞ்சம் அதிகம்தான், எனக்கே தெரியும். காலிப்பர் இன்னும் வரவில்லை. போன வாரம் கேட்டதற்கு, “எந்த காலிப்பர்?” என்றார்.