தோட்டா தீர்ந்த பிறகு: வேற்றுக்கோள் போர்க்கதைகள், கேள்வி பதில்

பூமியின் படைவீரர்களை வேறொரு கோளுக்குக் கொண்டுபோய்ப் போரிட வைக்கும் அறிவியல் புனைகதைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கே: இந்த வகையில் முதலில் எதைப் படிக்கலாம்?

ப: ஜெர்ரி பூர்னெல் 1979இல் எழுதிய 'ஜானிசரீஸ்'. ஆப்பிரிக்காவில் சி.ஐ.ஏ. ஆதரவுடன் போரிடும் அமெரிக்கக் கூலிப்படை ஒன்று எதிரிகளிடம் சிக்கிச் சாகும் தறுவாயில் இருக்கிறது. அப்போது ஒரு பறக்கும் தட்டு வந்து இறங்குகிறது. தலைப்பையும் கவனியுங்கள். ஒட்டோமான் பேரரசு கிறித்தவக் குடும்பங்களின் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் போர்வீரர்களாக வளர்த்தது. அந்தப் படையின் பெயர்தான் அது. ஊரும் உறவும் பறிக்கப்பட்டவன் யாருக்காகப் போரிடுவான் என்ற கேள்வி அட்டையிலேயே இருக்கிறது.

கே: நவீனத் துப்பாக்கிகளோடு போகிறவர்கள் வாளேந்திய மக்களை எளிதாக வென்றுவிட மாட்டார்களா?

ப: முதல் வாரம் வெல்வார்கள். தானியங்கித் துப்பாக்கியின் 30 தோட்டாக்கள் சில நொடிகளில் தீர்ந்துவிடும், அங்கே மறுபடி நிரப்பித்தர யாரும் இல்லை. கருமருந்து செய்துகொள்ளலாம்: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. சாணமும் சிறுநீரும் ஊறிய தொழுவத்து மண்ணிலிருந்து வெடியுப்பைக் காய்ச்சி எடுத்துவிடலாம். ஆனால் தோட்டாவின் அடியில் தட்டியவுடன் தீப்பற்றும் சிறு மூடியைச் செய்யத் தேர்ந்த வேதியியல் வேண்டும். கருமருந்தின் கரி படிந்தால் தானியங்கித் துப்பாக்கி விரைவில் அடைத்துக்கொள்ளும். ஆகவே அவர்கள் திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கும் ஈட்டி வரிசைக்கும் இறங்கி வரவேண்டும். அந்த இறக்கத்தைக் காட்டாத கதையை என்னால் நம்ப முடிவதில்லை.

கே: ஈர்ப்பு குறைவான கோளில் குறி தவறுமா?

ப: தவறும், மேல்நோக்கி. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் பூமியில் ஏறத்தாழ 0.55 நொடியில் தரை தொடும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 விழுக்காடுதான்; அங்கே 0.9 நொடி ஆகும். தோட்டாவும் அப்படியே மெதுவாகத் தாழும். பூமிக்கேற்பக் குறி திருத்தப்பட்ட துப்பாக்கியால் தொலைவில் நிற்பவனைச் சுட்டால் அது தலைக்கு மேலே போய்விடும்.

கே: அங்கே விளைவதைச் சாப்பிட முடியுமா?

ப: புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுக்கு இடக்கையும் வலக்கையும் போலக் கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. நம் உடலின் புரதங்கள் இடக்கை வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அந்தக் கோளின் உயிர்கள் வலக்கை வகையில் அமைந்திருந்தால், வயிறு நிறைந்தும் உடல் மெலியும்.

கே: உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான கதை எது?

ப: டேவிட் டிரேக்கின் 'ரேங்க்ஸ் ஆஃப் பிரான்ஸ்' (1986). கி.மு. 53இல் கார்ரே போரில் பார்த்தியர்கள் (பண்டைய ஈரானியப் பேரரசினர்) ரோமப் படையை நொறுக்கினார்கள். 20,000 பேர் மாண்டதாகவும் 10,000 பேர் பிடிபட்டதாகவும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். பிடிபட்டவர்கள் இன்றைய துர்க்மெனிஸ்தான் பக்கம் கொண்டுபோகப்பட்டதாகப் பண்டைய ரோம எழுத்தாளர் பிளினி சொல்கிறார். டிரேக் தன் கதையில் அவர்களில் ஒரு பகுதியினரை விண்வெளி வணிகர்களிடம் விற்றுவிடுகிறார். பின்தங்கிய கோள்களில் உயர் ஆயுதம் பயன்படுத்த அந்த வணிகர்களின் சட்டம் தடை விதிக்கிறது. அதனால்தான் வாளும் கேடயமும் ஏந்தியவர்கள் அவர்களுக்குத் தேவைப்படுகிறார்கள். எவ்வளவு அழகான காரணம்! டிரேக் 1970இல் வியட்நாமிலும் கம்போடியாவிலும் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். வெற்றிமேல் வெற்றி பெற்றும் ஊர் திரும்ப முடியாத அந்த வீரர்களின் ஏக்கத்தைப் படிக்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

கே: நானும் ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். எத்தனை வீரர்கள் போதும்?

ப: முப்பது பேருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முகமும் வாசகருக்குத் தெரிய வேண்டும். ஒரு மருத்துவ உதவியாளரைக் கட்டாயம் சேருங்கள். அவர் பையில் எத்தனை மாத்திரைகள் மிச்சம் என்பதை முதல் அத்தியாயத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுங்கள்.