ட்ரிப் போக கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் பேராதனை கேம்பஸ்ல ரெண்டாவது வருஷம். வீடு மஸ்கெலியா பக்கம் தேயிலை தோட்டத்துல, அம்மா கொழுந்து எடுக்குறாங்க. டிசம்பர் லீவுக்கு பெட்ச்ல ஒம்பது பேர் வேன் புடிச்சு திருகோணமலைக்கு மூணு நாள் போறதா பேச்சு. வேன் 54,000, ரூம் சாப்பாடு போட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 18,500 வருது. என் கையில 6,000 தான் இருக்கு. அம்மா தோடு ரெண்டையும் அடகு வச்சு தர்றேங்குறாங்க, தெரிஞ்ச ஒருத்தர் நூத்துக்கு பத்து வட்டிக்கு தர்றேங்குறாரு, போன்ல லோன் ஆப்பும் இருக்கு. எது நல்லது? போகலைன்னா பெட்ச்ல இருந்து ஒதுங்குன மாதிரி ஆகிரும்.

பதில்: தம்பி, மூணுமே வேணாம்.

முதல்ல அந்த நூத்துக்கு பத்த பாருங்க. உங்களுக்கு கொறையிறது 12,500, அதுக்கு மாச வட்டி மட்டும் 1,250. ஆறு மாசம் வட்டிய மட்டும் கட்டிட்டு வந்தீங்கன்னா 7,500 போயிருக்கும், முதல் அப்பிடியே 12,500 நிக்கும். லோன் ஆப்ல சார்ஜ முன்னாடியே கழிச்சிட்டு தான் காசு போடுவாங்க, ஆனா திருப்பி கேக்குறது முழு தொகைய, அதுவும் கொஞ்ச நாள்லயே. அம்மாவோட தோடுகள பேங்க்ல அடகு வச்சா வட்டி கொறைவு தான், ஆனா தவணைக்குள்ள மீட்கலைன்னா ஏலத்துக்கு போயிரும், அத மீட்க போறது யாரு? மழையில கொழுந்து கிலோ காணலைன்னா அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம் தான் விழும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. அந்த தோடு வீட்டுல ஆஸ்பத்திரி செலவுன்னு ஒன்னு வந்தா எடுக்குறதுக்கு இருக்கட்டும். மஹாபொல உதவித்தொகை காசையும் பேங்க்ல விழுற வரைக்கும் கணக்குல சேர்க்காதீங்க.

இன்னொன்னு, டிசம்பர்ல திருகோணமலைக்கு ஏன் போறீங்க? வடகீழ் பருவமழை அந்தப்பக்கம் அடிக்கிற நேரம் அது, கடல் கொந்தளிப்பா இருக்கும், புறாத்தீவுக்கு படகு போறதே சந்தேகம், ரூம் வெலை கொறைஞ்சு கிடைக்குதுன்னா அதுக்கு காரணம் இது தான். அங்க கடல் அமைதியா இருக்குறது மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும். 18,500 செலவழிச்சு ரூம்ல உக்காந்து மழைய பாக்குறதுக்கு நம்ம மஸ்கெலியாலயே பாத்துறலாம். வேன் விஷயமும் சொல்றேன், ஒம்பது பேர்னா ஆளுக்கு 6,000, கடைசி நேரத்துல ரெண்டு பேர் வரலைன்னா ஏழு பேர் தலையில 7,700க்கு மேல விழும், அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னா பின்வாங்கவும் முடியாது. எல்லா பெட்ச்லயும் ரெண்டு பேர் கழருவாங்க.

அதனால க்ரூப்ல இன்னைக்கே போட்டுருங்க, "எனக்கு 5,000 தான் முடியும், அதுக்குள்ள ஒரு இடம் பாப்போமா"ன்னு. எடத்த முடிவு பண்ணிட்டு காசு தேடுனா இப்பிடி தான் வட்டிக்காரர்கிட்ட போயி நிப்போம். வாய தொறந்து சொல்லாம இருக்குறவங்க அந்த ஒம்பது பேர்ல இன்னும் ரெண்டு மூணு பேராவது இருப்பாங்கன்னு நான் நிச்சயமா நம்புறேன், நீங்க சொன்னா அவங்களுக்கும் மூச்சு வரும்.

எடத்துக்கு என் யோசனை சிவனொளிபாத மலை. டிசம்பர் பௌர்ணமியோட சீசன் தொடங்கிரும், மே மாச வெசாக் பௌர்ணமி வரைக்கும் இருக்கு. கண்டியில இருந்து கம்பளை நாவலப்பிட்டி வழியா ஹட்டன் பஸ், அங்க இருந்து சீசனுக்கு மலை அடிவாரத்துல இருக்குற நல்லதண்ணிக்கு நேரடியா பஸ் ஓடும். ராத்திரி முழுக்க ஏறுறதால ரூம் செலவே இல்ல, அது தான் பெரிய மிச்சம். போயா (பௌர்ணமி) நாள், சனி ஞாயிறு வேணாம், உச்சிக்கு கிட்ட படியில கியூவுல நின்னு நின்னே சூரியன் வந்துரும், வாரநாள்ல போங்க. மேல போக போக பிளேன்டீ வெலையும் ஏறும், அதனால பிளாஸ்க்கும் ரொட்டி சம்பலும் கீழ இருந்தே தூக்கிட்டு போங்க, ஸ்வெட்டர் இல்லாதவங்களுக்கு இரவல் வாங்கி குடுங்க, வாங்க வேணாம். எறங்குனதும் ஹட்டன் தலவாக்கலை ரோட்டுல பஸ் ஏறுனா டெவன், சென்கிளயர் ரெண்டு அருவியும் ரோட்டுல இருந்தே தெரியும், டிக்கெட் கிடையாது. லீவு ஜனவரி வரைக்கும் இருந்தா ஜனவரியிலயே வைங்க, மழை கொறைஞ்சிருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டா பேசாம நிறுத்திருங்க, யாருக்கும் அட்வான்ஸ் குடுக்கலை, அஞ்சு சதம் நட்டமில்ல.

ராத்திரி ஏறுறதுக்கு முன்னாடி பின்னேரம் எல்லாரையும் உங்க வீட்டுக்கு கூட்டிட்டு போங்க. லயத்து வரிசை வீட்டுக்கு கூப்பிட கூச்சமா இருக்கும்னு எனக்கு தெரியும், நானும் தோட்டத்து புள்ள தான். அரிசி காய்கறிக்கு ஆளுக்கு 300 போட்டு முன்னாடியே அம்மா கையில குடுத்துருங்க, அம்மா தலையில செலவ வைக்காதீங்க.

திருகோணமலை ஆசைய விட சொல்லல. ஜனவரியில இருந்து மாசம் 1,500 தனி கணக்குல போட்டா ஆகஸ்ட்ல 12,000 இருக்கும். கண்டியில இருந்து நேரா பஸ் இருக்கு, வேன் தேவையில்ல. கோணேஸ்வரம் கோயிலுக்கு காசில்ல, புறாத்தீவு போக ஒரு படகுக்கு இவ்வளவுன்னு தான் பேசுவாங்க, ஆள் சேர்ந்து பிரிச்சுக்கலாம். வேனுக்கு அட்வான்ஸ் குடுக்க யாராவது கெளம்புறதுக்கு முன்னாடி அந்த மெசேஜ போட்டுருங்க தம்பி.