மயில்கள் மீண்டும் ஆடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2022-ல் கென்டகி பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்த செயின்ட் பீட்டர்ஸ் என்னும் சிறிய அமெரிக்கக் கல்லூரியின் கூடைப்பந்து அணியைப் பற்றி என் அண்ணன் அடிக்கடி சொல்வார். அப்படி என்னதான் செய்தது அந்த அணி?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ஹட்சன் ஆற்றின் ஒரு கரையில் மன்ஹாட்டன், மறுகரையில் ஜெர்சி சிட்டி. அங்கே 1872-ல் இயேசு சபையினர் தொடங்கியதுதான் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம். உங்கள் ஊர் செயின்ட் ஜோசப் கல்லூரியும் அதே சபையினருடையதுதான். மளிகைக்கும் நகைக்கும் நம்மவர்கள் தேடிப் போகும் ஜர்னல் ஸ்கொயர் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அணியின் பெயர் பீகாக்ஸ், அதாவது மயில்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதத்தில் நடக்கும் தேசியப் போட்டிக்கு 68 அணிகள் தேர்வாகின்றன. அவை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை பெறுகின்றன. ஒரு தோல்வி கண்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2022 மார்ச் 17 அன்று 15-ம் தரத்திலிருந்த செயின்ட் பீட்டர்ஸ், 2-ம் தரத்திலிருந்த கென்டகியை இண்டியானாபொலிஸ் நகரில் கூடுதல் நேரத்தில் 85–79 என வென்றது. கென்டகி தன் ஆண்கள் கூடைப்பந்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி டாலர் செலவிடும் நிறுவனம் என்றும், செயின்ட் பீட்டர்ஸின் செலவு சுமார் 16 லட்சம் டாலர்தான் என்றும் அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. இரண்டு நாள் கழித்து மர்ரி ஸ்டேட் 70–60 எனத் தோற்றது. மார்ச் 25 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பர்டியூ 67–64 என வீழ்ந்தது. 15-ம் தர அணி ஒன்று கடைசி எட்டு அணிகளுக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. மார்ச் 27 அன்று வட கரோலினாவிடம் 69–49 எனத் தோற்றதோடு அந்த ஓட்டம் முடிந்தது. அன்று வட கரோலினாவின் ஆர்மாண்டோ பேக்கட் 20 புள்ளிகளும் 22 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு ஆட்டத்தின் மீதியை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அந்தப் பருவம் முழுவதுமே அந்த அணி நன்றாக ஆடியதா, அல்லது மார்ச்சில் மட்டும் அதிர்ஷ்டம் அடித்ததா?
– வாசகர், கோவை

பதில்: பருவம் முழுவதும் நன்றாக ஆடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிப்ரவரியின் பிற்பகுதியில் அந்த அணியின் கணக்கு 12 வெற்றி, 11 தோல்வி. டிசம்பரில் கொரோனா தொற்றால் சில வாரங்கள் ஆட்டமே இல்லை. அதன் பிறகுதான் தொடர்ந்து 10 ஆட்டங்களை வென்றார்கள். மேற்சொன்ன மூன்று வெற்றிகளும் அந்தப் பத்தில் அடங்கும். அவர்கள் ஆடும் மேக் (MAAC) என்னும் கல்லூரி லீக்கில், ரிக் பிட்டினோ பயிற்சியளித்த அயோனாதான் முதலிடம் பிடித்திருந்தது. ஆனால் லீக்கின் இறுதிப் போட்டித் தொடரில் அயோனா காலிறுதியிலேயே ரைடரிடம் தோற்றுப்போனது. இங்கே அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அட்லாண்டிக் சிட்டியில் நடந்த இறுதியாட்டத்தில் மான்மத்தை 60–54 என வென்று, தேசியப் போட்டியில் லீக்கின் வெற்றியாளருக்குரிய இடத்தைப் பெற்றார்கள்.

ஆனால் அதிர்ஷ்டம் அதோடு நின்றுவிட்டது என்பதே என் கருத்து. பயிற்சியாளர் ஷாஹீன் ஹாலோவே தடுப்பாட்டத்தை முதலாகவும் மற்றதெல்லாம் பிறகாகவும் கொண்டவர். பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கி, எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் தன் ஆட்கள் புதிதாகக் களத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டார். பர்டியூவில் ஏழடி நான்கங்குல உயரமுள்ள ஜாக் ஈடி இருந்தார். அவருக்குச் சமமான உயரம் செயின்ட் பீட்டர்ஸில் யாருக்கும் இல்லை என்பதால், பந்து அவர் கைக்கு வந்த பிறகு தடுப்பதைவிட, அவர் கைக்குப் போகும் வழியிலேயே இடித்தும் நெருக்கியும் தொல்லை கொடுப்பதே திட்டமாக இருந்தது. பர்டியூவின் நட்சத்திரம் ஜேடன் ஐவி அன்று 9 புள்ளிகளில் முடங்கினார். கென்டகி ஆட்டத்தில் டேரில் பேங்க்ஸ் 27 புள்ளிகள் எடுத்தார். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய, மெல்லிய மீசையால் நாடெங்கும் பெயர் பெற்ற டக் எடர்ட் 20 எடுத்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனதே, கடைசி அரை நிமிடத்துக்குள் எடர்ட் போட்ட பந்து 71–71 எனச் சமன் செய்ததால்தான்.

கேள்வி: அப்படிப்பட்ட அணி அடுத்த ஆண்டே ஏன் காணாமல் போனது? வென்ற உடனே விட்டுப் போனவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. வட கரோலினா ஆட்டம் முடிந்து சில நாட்களிலேயே ஹாலோவே, தான் மாணவனாக ஆடிய சீட்டன் ஹால் அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். எதிரணியின் வீச்சுகளைத் தட்டிவிடுவதில் கைதேர்ந்த கே.சி. எண்டெஃபோ அவருடனேயே போனார். பேங்க்ஸ் செயின்ட் போனவென்சருக்கும், எடர்ட் பிரையன்ட்டுக்கும், மாலி நாட்டு இரட்டையர்களான ட்ரேமே சகோதரர்கள் லா சாலுக்கும் மாறினார்கள். 2022–23 பருவத்தில் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம்.

ஆனால் இதில் தனி மனிதர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2021 ஏப்ரல் வரை, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய கூடைப்பந்து ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு களமிறங்காமல் உட்கார வேண்டியிருந்தது. அந்த விதி ஒரு முறை மாறுவதற்கு மட்டும் தளர்த்தப்பட்டது. 2024-ல் அந்த வரம்பும் போனது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. இருபது வயதுப் பையன் ஒருவனுக்குப் பெரிய அரங்கமும் கூடுதல் வருமானமும் ஒருங்கே வாய்க்கும்போது அவனைக் கட்டிப்போட எந்தச் சிறிய கல்லூரியிடமும் கயிறு இல்லை. பயிற்சியாளர் நல்ல வேலை கிடைத்துப் போகலாம் என்றால் மாணவன் மட்டும் ஏன் போகக் கூடாது? என்னிடம் நியாயமான மறுமொழி இல்லை.

கேள்வி: அந்த வெற்றிகளால் கல்லூரிக்குப் பணம் கிடைத்திருக்குமே?
– வாசகி, சேலம்

பதில்: கிடைத்தது, ஆனால் நேரடியாக அல்ல. ஆடும் ஒவ்வொரு தேசியப் போட்டி ஆட்டத்துக்கும், இறுதியாட்டம் நீங்கலாக, போட்டி வருமானத்தில் ஒரு பங்கு வழங்கப்படுகிறது. அது ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 லட்சம் டாலராகிறது. நான்கு ஆட்டங்களால் வந்த பங்குகள் லீக்குக்குச் சென்று அங்கே பகிரப்படுகின்றன. வியர்த்தவர்கள் மயில்கள், பந்தி லீக் முழுவதுக்கும்.

கேள்வி: இனி அந்த அணியின் வருங்காலம் எப்படி? மறுபடியும் எட்டுக்குள் வருமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: எட்டுக்குள் வருவது மிகவும் கடினம். பெரிய பல்கலைக்கழகங்கள் 2025–26 முதல் தம் ஆட்டக்காரர்களுக்கு, எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்க நீதிமன்ற உடன்பாடு வழி திறந்துவிட்டது. கென்டகிக்கும் செயின்ட் பீட்டர்ஸுக்கும் இருந்த இடைவெளி இனி குறையாது, கூடும்.

ஆனால் தேசியப் போட்டிக்கு மறுபடி வருவது வேறு விஷயம். அது ஏற்கெனவே நடந்துவிட்டது. ஹாலோவேக்குப் பின் வேக்னர் கல்லூரியிலிருந்து வந்த பஷீர் மேசன், கலைந்துபோன அணியை ஏறத்தாழ அடியிலிருந்து கட்டினார். அவருடைய அணியும் தடுப்பாட்டத்தையே நம்பியது. 2024 மார்ச்சில் லீக் இறுதியாட்டத்தில் ஃபேர்ஃபீல்டை 68–63 என வென்று மீண்டும் 15-ம் தரத்தில் தேர்வானது. டென்னசியிடம் 83–49 எனத் தோற்றதால் இந்த வெற்றியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கோ 2022-ஐவிட இதுவே அதிகம் சொல்கிறது, ஏனென்றால் ஆட்கள் மாறியும் ஆட்டமுறை நின்றது. அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்த கோரி வாஷிங்டன் அப்போதே விச்சிட்டா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனவே என் கணிப்பு இது: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லீக்கை வென்று தேசியப் போட்டிக்கு வருவார்கள், பெரும்பாலும் முதல் ஆட்டத்தோடு திரும்புவார்கள். பிட்டினோ 2023-ல் அயோனாவை விட்டு செயின்ட் ஜான்ஸுக்குப் போனபின் மேக் லீக்கில் அசைக்க முடியாத அணி என்று ஒன்று இல்லாததும் அவர்களுக்குச் சாதகம்தான். நவம்பர், டிசம்பரில் பெரிய அணிகளின் அரங்குகளுக்குப் போய் அவர்கள் வாங்கும் தோல்விகளைப் பார்த்து அணி முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். லீக் ஆட்டங்களில் எதிரணியை எத்தனை புள்ளிக்குள் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். அது அறுபதுகளில் நின்றால், மார்ச் இரண்டாம் வாரம் அட்லாண்டிக் சிட்டி ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள்.